மூச்சு வாங்கும் ஊர்

வெளிநாட்டுத் தோழமைப் பள்ளிக்கு எங்கள் பனியன் நகரைக் காணொளி அழைப்பில் அறிமுகப்படுத்தும் நாள். ஊர்ப் பெருமைகளை மனப்பாடம் செய்து வந்த ஆறாம் வகுப்பு யாழிசை, திரையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

“எங்கப்பா சாயப்பட்டறைல வேலை செய்யறாருங்க. நாலு படி ஏறுனாலே அவருக்கு மூச்சு வாங்குமுங்க” என்றாள்.

மொழிபெயர்ப்புக் கருவி அதை, ‘அப்பா மூச்சை விலைக்கு வாங்குவார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தது. எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரையில் இருந்த மாணவன் சிரிக்கவில்லை. அவன் கேட்டதைக் கருவி தமிழில் சொன்னது: “அங்கேயும் விற்கிறார்களா? எங்கள் வீட்டில் எலுமிச்சை மணமுள்ள மூச்சுதான் வாங்குவோம்.”

நான் பதறிப்போய்த் திருத்தப் போனேன். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சும்மா இருங்க டீச்சர். நாம இன்னும் ஓசிக் காத்துலதான் மூச்சு விடறோம்னு தெரிஞ்சா, நம்மூரைப் பட்டிக்காடுன்னு நெனச்சுக்குவாங்க.”