கரையிலிருந்தே

யாராவது தப்பாகத் தூண்டில் போட்டால் தூண்டில் கடைக்காரருக்குக் கை துறுதுறுக்கும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் வந்தார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய முள்ளு எதுக்கு? இரையும் கோக்கலையே! கல்சுவர் ஓரமா வீசு. கடல்ல கிடக்கிறதெல்லாம் கடைசியில அங்கதான் வந்து சேரும்."

"எல்லாமேவா அண்ணே?" அவள் அவசரமாக அங்கே போய் வீசினாள்.

"எல்லாமேதான். ஆனா பொறுமை வேணும். அது இல்லேன்னா ஒரு படகு எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"இருந்த படகுலதான் என் வீட்டுக்காரரு போனாரு. உடைஞ்ச பலகை மட்டும் கரை ஒதுங்குச்சு. தேடுறதையும் நேத்தோட நிறுத்திட்டாங்கண்ணே."

கடைக்காரர் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய முள்ளைத் தூண்டிலில் கட்டி எடுத்துவந்தார். அவள் பக்கத்தில் நின்று வீசினார்.

இரை கோக்கவில்லை.