முதுகோடு முதுகாக

மகள் மகிழினி அங்கன்வாடியில் யாரோடாவது சேர்ந்தால்தான், சுகந்தி திங்கட்கிழமை பனியன் கம்பெனி வேலைக்குப் போக முடியும். மூன்று வயது மகிழினியோ பதினோரு நாளாக மூலையில் தனியாக மண்சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக அவள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து சர்வேஷ் என்ற பொடியனும் தனி உலை வைத்தான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“இவ யாரு கூடவும் சேர மாட்டா போல, டீச்சர்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் வெளையாடுது. உனக்குத்தான் தெரியல. வெளிய வா கண்ணு.”

சுகந்தியும் டீச்சரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மகிழினி ஒரு பூவரச இலையில் மண்சோற்றை வைத்து, முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். இன்னொரு கை அதை வாங்கிக்கொண்டது.

“உப்பே இல்ல” என்றான் சர்வேஷ்.

மகிழினியின் உதடு பிதுங்கியது. சுகந்தி உள்ளே ஓடப் பார்த்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மகிழினி எழுந்து அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். வெறும் காற்றிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இலையில் தூவினாள்.

“இப்பத் தின்னு பாரு.”

அவன் வெறும் வாயை நிதானமாக மென்றான். ஜன்னலில் இரண்டு பெரியவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.