நடு மயில்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கழுத்தில் பொய் விளக்கு மாட்டியே தீர வேண்டும் என்று பள்ளியில் முழங்கியவர், பெற்றோர் சங்கத் தலைவர் எழில்வேந்தன்தான். அதற்காகச் சால்வைகூடப் போர்த்தினார்கள். பக்கத்தில் யார் பொய் சொன்னாலும் விளக்கு சிவக்கும். அந்த 'யார்' என்பதில் தானும் அடக்கம் என்பது அவருக்குச் சால்வையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆண்டு விழாவில் மகள் நறுமுகை மயிலாட்டம் ஆடினாள். மேடை நிறைய ஒரே மாதிரி மயில்கள். ஆட்டோவில் திரும்பும்போது, மடங்கிய தோகையோடு கேட்டாள்.

"அப்பா, ஆட்டத்தப் பாத்தியா?"

"மேடையவிட்டு கண்ண எடுக்கலடா செல்லம்."

விளக்கு சிவக்கவில்லை. எழில்வேந்தன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

"நடுவுல ஆடுனது சம்யுக்தா. நான் ஓரத்துல நின்னேன். நீ யார வீடியோ எடுத்த?"

முழு ஆட்டமும் நடு மயிலைத்தான் எடுத்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம் "நம்ம பொண்ணு சார்" என்று பீற்றிக்கொண்டது வேறு.

"உன்னையதான்டா. என் பொண்ண எனக்குத் தெரியாதா?"

விளக்கு தக்காளிப் பழமாய்ச் சிவந்தது. நறுமுகை அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை. விளக்கு அணைந்ததும் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"பரவால்லப்பா. எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல."

அவளுடைய சின்ன விரல்களின் இடுக்கில் சிவப்பு கசிந்தது.