லயத்துக்கு மேலே ஒரு லாயம்

இலங்கை மலையகத்தின் லுணுகலைக்கு மேலே, தேயிலையைப் பிடுங்கி மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், புதுக் குதிரை லாயம் நிற்கிறது. வசதியுள்ளவர்கள் தங்கள் குதிரைகளை விட்டுப் பராமரிக்கும் இடம். ஒவ்வொரு அறைக்கும் அகலமான ஜன்னல், கால் வழுக்காத ரப்பர் விரிப்பு, வாய்க்கு எட்டும் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. மூன்று நாள் மழை விட்ட பிற்பகல் வெயில் புதுப் பலகைகளில் தேன் நிறமாக விழுகிறது. குதிரை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தனுஜா, முதலில் வந்திறங்கிய செம்பழுப்புக் குதிரையின் கயிற்றை இழுக்கிறாள். அது முன்னங்கால்களை வாசலில் ஊன்றிக்கொண்டு வர மறுக்கிறது. அதன் காதுகள் இரண்டும் லாயத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் வெட்டுச் சரிவை நோக்கி விறைத்திருக்கின்றன.

"புது இடமெண்டா குதிரை வெருளும்தானே. மெல்லக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்கிறார் லாயத்தை வடிவமைத்த பொறியியலாளர் கஜரூபன்.

"வெருளலைங்க ஐயா. எதையோ கேக்குது."

தனுஜாவுக்கும் இப்போது கேட்கிறது. சரிவுக்குள் எங்கோ வேர்கள் ஒவ்வொன்றாக அறுபடுவது போன்ற மெல்லிய சத்தம். சரிவின் அடியிலுள்ள குழாயில் காலையில் தெளிவாக வடிந்த தண்ணீர், செம்மண் நிறத்தில் தடித்து வருகிறது.

"ஐயா, தண்ணிய பாருங்க."

"அது மழைத் தண்ணிதானே..." என்று தொடங்கிய கஜரூபன் சரிவை நிமிர்ந்து பார்க்கிறார்.

நேர் கீழே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைகள் மினுங்குகின்றன. அதையடுத்து, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும், தொட்டில்கள் தொங்கும் பிள்ளைக் காம்பராவில், அவளுடைய இரண்டு வயது மகள் தூங்கும் நேரம் இது. தனுஜா கயிற்றை விட்டுவிட்டு, "எல்லாரும் வெளிய வாங்க! புள்ளைங்கள தூக்கிட்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே படிகளில் இறங்கி ஓடுகிறாள். அவள் குரல் லயத்தை எட்டுவதற்குள், முதல் கல் அவளைத் தாண்டி உருண்டு போகிறது.