வெள்ளை ரிப்பன் வரிசை

"ஒரு கொப்புளம்கூட இல்லக்கா. நீங்களே பாருங்க."

கோத்தகிரிக்குப் பக்கத்தில், வேலாமணி அக்காவின் தேயிலைத் தோட்டத்தில் இலை இலையாகப் புரட்டி அவளிடம் காட்டினாள் ஆராய்ச்சி மாணவி ராஜப்ரியா. உண்ணிச்செடியின் இலைச்சாற்றில் துத்தநாக உப்பைச் சேர்த்து அவள் செய்த நானோ பொடி, தேயிலையின் கொப்புள நோயை விரட்டுமா என்பதுதான் கேள்வி. விரட்டினால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு அம்பேல்.

சிவப்பு ரிப்பன் கட்டிய பத்து வரிசைக்குப் பொடி கரைத்த மருந்து. வெள்ளை ரிப்பன் கட்டிய பத்து வரிசைக்கு வெறும் தண்ணீர். ஒரு மாதமாகத் தெளித்தது வேலாமணிதான்.

சந்தோஷத்தில் உடனே பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், சிவப்பு வரிசை சுத்தமா இருக்கு. ஜெயிச்சுட்டோம் சார்."

"வெள்ளையைப் பார்த்தியாம்மா? அதுல நோய் இருந்தாத்தான் இது மருந்தோட வேலைன்னு சொல்ல முடியும்."

போனைக் காதில் வைத்தபடியே ஓடினாள். வெள்ளை வரிசையிலும் கொழுந்து பளபளவென்று இருந்தது.

"நோய் தானாவே போயிடுச்சு சார். என் பொடி ஒண்ணுமே பண்ணல."

வேலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தானா எப்படிங்க போகும் அம்மணி? மிச்ச மருந்தைக் கொட்டச் சொன்னீங்கல்ல, அதைத்தான் வெள்ளைக்கும் அடிச்சேன். ஒரே பந்தியில பாதிப் பேருக்குச் சோறு, பாதிப் பேருக்குத் தண்ணியா? மனசு கேக்கலீங்க."

ராஜப்ரியா தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மருந்து படாத செடி வேணுமேக்கா. இதே வயசுல, இதே ரகத்துல, இதே பனியில. இனி எங்கே போய்த் தேடுவேன்?"

வேலாமணி வேலிக்கு அந்தப்பக்கம் கை காட்டினாள். அங்கே வரிசை வரிசையாக இலையெல்லாம் கொப்புளம்.

"பாகம் பிரிக்கிற வரைக்கும் ரெண்டும் ஒரே தோட்டந்தானுங்க. மாமனார் ஒரே மழைக்கு நட்ட செடி. அது கொழுந்தனார் பங்கு. அவரு எந்த மருந்தும் அடிக்க மாட்டாருங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு ரெண்டு வருசமாச்சு. அந்தப் பக்கம் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமப் பாத்துக்கிட்டேனுங்க."

ராஜப்ரியா துள்ளி எழுந்தாள். போனில் பேராசிரியரின் குரல் அவளைவிடப் பதறியது.

"அம்மா ராஜப்ரியா, ஆராய்ச்சி முடியற வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் ராசியாகாமப் பாத்துக்கம்மா."