தூக்குவாளியின் கடைசிக் குஞ்சு

ஐப்பசி மழையில் நிறைந்த கண்மாய்க்குள் அழகி முழங்கால் தண்ணீரில் நின்று தூக்குவாளியைச் சரிக்கிறாள். தோட்டத்துக் குட்டையில் கோடை முழுக்கக் கட்டிக்காத்த ஒற்றை நாட்டுத் தேளி மீனின் குஞ்சுகள், மூடிய வானத்தின்கீழ் வெறும் கறுப்பாக வழுக்கிக் கலங்கலுக்குள் மறைகின்றன. கடைசிக் குஞ்சு மட்டும் வாளியின் அடியிலேயே சுற்றுகிறது. மேகம் விலகி விழுந்த வெயிலில் அதன் முதுகெங்கும் சாம்பல் திட்டுகள் தெரிகின்றன. "ஏங்க, இங்கிட்டு வாங்க. நாட்டுத் தேளிக்கு ஏது திட்டு? இது ஆப்பிரிக்கக் கெளுத்தியோட கலந்ததுல்ல? கண்மாய் மீனயெல்லாம் தின்னு தீத்துருமே." கரையில் நிற்கும் கணவன் பெரியண்ணன் துண்டை முறுக்குகிறான். "தேளி ஒத்தையில கெடக்குதேன்னு, சந்தையில உசுரோட வித்த கெளுத்தியில ஒண்ண நாந்தான் குட்டையில விட்டேன், புள்ள." அழகி வாளியின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்துகிறாள். உள்ளிருந்து குஞ்சு வந்து வந்து முட்டுகிறது. முன்னே விட்ட குஞ்சுகளையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு, எதிரே ஒரு சுழிப்புமில்லாமல் விரிந்து கிடக்கிறது கண்மாய்.