வளைகாப்புப் படங்கள்

‘2025 ஆகஸ்ட் 31. கேமராத் திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரிந்தது வெறும் செட்டிங் என்று நினைத்துவிட்டேன். தவறு என்னுடையது’ என்று டைரியில் எழுதினாள் தென்றல்.

புகைப்படக்கலை மாலை வகுப்பில் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் ரகம். அதில் நிறமே பதிவாகாது. அவள் எடுத்ததோ வேங்கிக்கால் வினோதினி அக்காவின் வளைகாப்பு. அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை.

பயந்துகொண்டே போன் செய்தாள்.

"அக்கா, முந்நூறு படமும் கருப்பு வெள்ளையாப் போச்சுங்க. கலரா மாத்தவே முடியாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லைங்க. நல்லா திட்டுங்க."

"ஏன்டி திட்டணும்? உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

"அக்கா?"

"துபாய்ல இருக்கற என் நாத்தனார், லீவுல வந்தப்ப வளைகாப்புக்குக் கட்டச் சொல்லி ஆசையா நீலப் புடவை எடுத்துக் குடுத்துட்டுப் போனாங்க. எனக்கு நீலம் பிடிக்கல. கடையில குடுத்து, அதே டிசைன்ல ஆரஞ்சு மாத்திக்கிட்டேன். இப்ப போட்டோ அனுப்புன்னு உயிரை எடுக்கறாங்க. செல்போன்ல எடுத்தவங்களையெல்லாம் ஸ்டேட்டஸ் வைக்காதீங்கன்னு காலையிலேர்ந்து கெஞ்சிக்கிட்டிருக்கேன்!"

தென்றலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டைரியில் அடுத்த வரியை எழுதினாள்:

‘நாளை: துபாய் நாத்தனாருக்கு முந்நூறு படங்களையும் ஒன்றுகூட விடாமல் அனுப்ப வேண்டும்.’